பஞ்சாட்சரம் சொல்லாத சாட்சி

கோட்டூர்புரத்தில் ஒரு அரிசிக் கடைக்கு மேல் மாடியில் சின்ன சபை ஒன்று இருக்கிறது. ஐம்பது பேர் உட்கார்ந்துவிட்டால், ஐம்பத்தோராவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் தன்னை எந்தக் குழியிலிருந்து தூக்கி எடுத்தார் என்று ஆளுக்கு இரண்டு நிமிஷம் எழுந்து நின்று சொல்லலாம். பஞ்சாட்சரத்துக்கு மட்டும் இரண்டு நிமிஷம் போதவே போதாது. அவன் விழுந்த குழி அவ்வளவு ஆழம்.

முதல் தடவை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். குடித்தேன், விட்டுவிட்டேன் என்று உட்கார்ந்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் கீபோர்டு வாசிக்கிற வெங்கடேஷ் எழுந்து, மூன்று வருஷம் விடாமல் குடித்து பிளாட்பாரத்தில் கிடந்ததைச் சொன்னான். அவனுக்கு விழுந்த அல்லேலூயாவில் டியூப்லைட் இரண்டு தடவை அணைந்து எரிந்தது. பஞ்சாட்சரத்தால் அதைத் தாங்க முடியவில்லை. அதற்கடுத்த வாரம், தான் குடித்ததையெல்லாம் ஆற்றில் கொட்டியிருந்தால் அடையாறு இரண்டு தடவை கரை புரண்டிருக்கும் என்றான். அப்புறம் இடுப்பில் கத்தி வந்தது. கத்திக்குப் பிறகு எதிரிகள் வந்தார்கள். போன மாதம் ஒரு போலீஸ்காரரை சைக்கிளோடு தூக்கி கோட்டூர்புரம் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டான்.

அவன் பெண்டாட்டி அன்புக்கரசி அந்த நேரத்தில் முந்தானையை முகம்வரை இழுத்து விட்டுக்கொள்வாள். பார்க்கிறவர்கள் உருக்கமாக ஜெபிக்கிறாள் என்று நினைப்பார்கள். கரப்பான் பூச்சியைக் கண்டால் ஸ்டூல் மேல் ஏறி நின்று கத்துகிற ஆளைக் கட்டிக்கொண்டவள் வேறென்ன செய்வாள்?

இத்தனை பாவத்தைச் சொன்னவன் ஒரே ஒரு பாவத்தை மட்டும் சொன்னதில்லை. அது அவன் நிஜமாகவே செய்தது. அதில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை. இரண்டே இரண்டு வார்த்தை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் ஆற்றோரமாகக் குடியிருந்தான். நாற்பது குடிசை வரிசையாக. அதில் ஒன்று முனியம்மாளுடையது. பஞ்சாட்சரத்தினுடையதைக் குடிசை என்று சொன்னால் குடிசைக்கே கோபம் வரும். முனியம்மாளின் பக்கச் சுவரில் சாய்த்து வைத்த நாலு தகரம், அவ்வளவுதான். புதுப் பெண்டாட்டியும் ஒரு பிளாஸ்டிக் குடமுமாக அவன் வந்து நின்ற அன்று, “சொவத்துல சாச்சிக் கட்டிக்கோடா, சொவரு இன்னா கொறஞ்சா பூடும்?” என்று இடம் கொடுத்ததும் முனியம்மாள்தான்.

பெரிய வெள்ளம் வந்து வடிந்த அடுத்த வருஷம், ஊருக்கு வெளியே மாடி வீடு தருகிறோம் என்று கணக்கெடுக்க வந்தார்கள். ஒரு வாசலுக்கு ஒரு நம்பர். கதவில் வெள்ளைப் பெயிண்டில் நம்பரை எழுதி, வீட்டுக்காரரைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி போட்டோ எடுத்து, விரல் ரேகை வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்குக் காலையில் முனியம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். அவள் புருஷன் அசோகனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோயிருந்தது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாள். போகும்போது, “யாராச்சும் வந்தா மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்னு சொல்லுடா” என்றுதான் பஞ்சாட்சரத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பெயிண்ட் டப்பாவோடு வந்தவர் நாலு தகரத்தைப் பார்த்தார். “தனிச் சுவர் இல்லாததுக்கு நம்பர் கிடையாது” என்று தாண்டிப்போய் முனியம்மாள் கதவில் இருபத்தேழு என்று எழுதினார். “இது யாருது?” என்று கேட்டார்.

“நம்மளுதுதான் சார்.”

அவனே எதிர்பார்க்கவில்லை. வாய் தானாகத் திறந்து மூடியது. பூட்டியிருக்கிறதே என்று கேட்டதற்கு, பெண்டாட்டி சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள் என்ற பதிலும் தயாராக வந்தது. “இங்க பாருங்க” என்றார் போட்டோ எடுத்தவர். இங்கே பாருங்க என்று யாராவது சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கும் வந்தது.

மூன்று மாதம் கழித்து ஒட்டிய பட்டியலில் இருபத்தேழாம் நம்பருக்கு எதிரே அவன் பெயர் இருந்தது. “எழுதறவன் தப்பா எழுதிக்கீறான்க்கா, வா, போயி ஒரு கை பாக்கலாம்!” என்று அவளோடு அவனே மூன்று தடவை ஆபீசுக்குப் போனான். வெளியே நின்று நியாயம் கேட்டு அவன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் சைதாப்பேட்டைக்கே குடிபோயிருக்கும்.

நியாயம் வரவில்லை. பஞ்சாட்சரம் ஏழாவது மாடிக்குப் போனான். முனியம்மாள் புருஷனைத் தூக்கிக்கொண்டு வேளச்சேரியில் ஒரு ஒற்றை அறைக்குப் போனாள். மழை வந்தால் தண்ணீர் முதலில் அந்த அறைக்குள் வந்து ஆஜர் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேளச்சேரிக்குப் போகும். செங்கல் மேல் செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தி, அந்தக் கட்டிலிலேயே இரண்டு வருஷம் கிடந்து அசோகன் செத்துப்போனான்.

இதெல்லாம் முடிந்த கதை என்று போயிருந்தால் பஞ்சாட்சரம் மறந்திருப்பான். ஆனால் அவன் துணி தேய்க்கிற வண்டி நிற்பது அடையாறு காந்தி நகரில். முனியம்மாள் வீட்டு வேலை செய்கிற அப்பார்ட்மென்ட் அதற்கு எதிர்ப்பக்கம். ஒன்பது வருஷமாகத் தினமும் காலை ஏழரைக்கு அவள் அந்த வழியாக வருவாள். “இன்னாடா பஞ்சு, துன்னியா?” என்று கேட்பாள். “துன்னேன்க்கா” என்பான். கரிப் பெட்டியின் சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஒரு கேள்வியில் அவனுக்கு முதுகு நனைந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணைப் பார்த்தால் எலுமிச்சம் பழம் இரண்டைச் செருகின மாதிரி. வேலை முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி, ஏழு மாடி ஏறி, கீழாநெல்லியும் கஞ்சித் தூக்குமாக வந்து நின்றாள் முனியம்மாள். பதினெட்டு நாள் வந்தாள். ஒருநாள் தூக்கைக் கழுவி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். “காத்து நல்லா வருதுடா இங்க” என்றாள். பஞ்சாட்சரத்துக்கு உயிர் தொண்டைக்கும் வாய்க்கும் நடுவில் வந்து நின்றது. அவள் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள். பத்தொன்பதாம் நாள் அவனைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் ஏற்கெனவே நாலைந்து வருஷமாக அங்கே போய்க்கொண்டிருந்தாள்.

வந்தவன் சும்மா இருக்கவில்லை. பாய் விரித்தான், பாய் சுருட்டினான், ஸ்பீக்கர் பெட்டி தூக்கினான், மாடிப்படியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் அரிசிக் கடைக்காரருக்கே வழுக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை உபவாசம். எல்லாம் ஒரு கணக்குத்தான். இந்தப் பக்கம் போட்டுக்கொண்டே வந்தால் அந்தப் பக்கம் கிடக்கிற அந்த இரண்டு வார்த்தை ஒருநாள் மூடிப்போகாதா என்று. மூடவில்லை. மேலே எவ்வளவு கொட்டினாலும் அது அப்படியே மேலே வந்து மிதந்தது.

இப்போது ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூர் கடலில். நாலு பேர்.

வியாழக்கிழமை ஞானஸ்நான வகுப்பு முடிந்ததும் பாஸ்டர் அய்யாதுரை, “பஞ்சாட்சரம், செத்த நில்லும்” என்றார். அவர் சாத்தான்குளத்துக்காரர். இருபது வருஷம் சென்னைத் தண்ணி குடித்தும் அவர் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட சென்னையால் அசைக்க முடியவில்லை.

“ஒரு போலீஸ்காரரை ஆத்துல தூக்கிப் போட்டீராமே. சைக்கிளோட.”

“ஆமா பாஸ்டர். வாலிப வயசு.”

“எந்தக் காலத்துலவே மெட்ராஸ் போலீஸ்காரரு சைக்கிள்ல போனாரு?”

பஞ்சாட்சரம் கொஞ்சம் யோசித்தான். “புல்லட்டா கூட இருந்திருக்கும் பாஸ்டர். இருட்டு.”

“அப்போ புல்லட்டோட தூக்கிப் போட்டீரு.”

“அப்பல்லாம் நானு கொஞ்சம் தாட்டிக்கமா இருப்பேன்.”

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு அவனையே பார்த்தார். அந்தப் பார்வை பஞ்சாட்சரத்துக்குப் பிடிக்கவில்லை.

“நீரு செய்யாத பாவத்தை இயேசு சுமக்கலவே. செஞ்சதைத்தான் சுமந்தாரு. பொய்ப் பாவமா கொண்டாந்து நீட்டினா, அவரு எதைத்தான் மன்னிப்பாரு?”

கீழே அரிசிக் கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. பஞ்சாட்சரம் சுருட்டின பாயை விரித்தான், மறுபடி சுருட்டினான்.

“பாஸ்டர், ஒருத்தன் கீறான்னு வெச்சிக்கோங்க. அவன் நெசமாவே ஒண்ணு பண்ட்டான். அதுவும் வெளியாளுக்கு இல்ல. சோறு போட்டவங்களுக்கே. அந்த மாரி ஆளுக்கும் தண்ணி உண்டா?”

“அவனுக்குத்தான் உண்டு. யாருவே அந்த ஒருத்தன்?”

“தூரத்து சொந்தம் பாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான். இறங்கினான் என்பது மரியாதைக்கு. உருண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் வண்டியில் தேய்த்துக்கொண்டிருந்தபோது முனியம்மாள் ஒரு பையோடு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. முந்தானை கசங்கியிருந்தது.

“ரங்கநாதன் தெருவுல மனுசன் போவானா? நசுக்கிட்டானுங்க. இந்தா.”

பையில் ஒரு வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும். தண்ணீரில் இறங்குகிறவர்கள் வெள்ளை போடவேண்டும் என்பது சபை வழக்கம். பஞ்சாட்சரம் ஊராருடைய வெள்ளையெல்லாம் தேய்த்தவன். அவனுக்கென்று ஒன்று இல்லை என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

“இன்னாத்துக்குக்கா…”

“பின்ன? லுங்கியோடவா எறங்குவ? கடலு பயந்து பின்னால பூடும். சட்டைய நீயே தேச்சிக்கோ. உனுக்கு இனாம்.”

இப்போது சொல்லிவிடவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. அவள் கையை இடுப்பில் ஊன்றி மர நிழலில் நின்றாள், போகாமல். பெட்டியை நிமிர்த்தி வைத்தான். வாய் திறந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனைக் கேட்காமலே திறந்த அதே வாய்.

“அக்கா…”

“சொல்லு.”

“அன்னிக்கி… ஆத்தோரத்துல…”

அவள் கண் அவன் முகத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று அவனால் படிக்க முடியவில்லை. எதிர் அப்பார்ட்மென்ட்டிலிருந்து ஒரு அம்மா, “பஞ்சு, பட்டுப்புடவை ஆச்சா? ஆறு மணிக்கு ரிசப்ஷன்!” என்று கத்தினார்.

“தோ ஆச்சும்மா!” என்று இவன் அதைவிடப் பெரிதாகக் கத்தினான். கத்தி முடித்துத் திரும்பியபோது தைரியம் போய்விட்டிருந்தது. “அன்னிக்கி ஆத்தோரத்துல கூட இப்பிடித்தான் வெயிலு” என்றான்.

முனியம்மாள் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். “ஆமா, வெயிலு ஜாஸ்திதான்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்தச் சட்டையை அவன் பதினோரு தடவை தேய்த்தான். கடைசியில் அது சட்டையாக இல்லை, அப்பளமாக இருந்தது.

சாயந்திரம் வீட்டில் அன்புக்கரசி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“நாளைக்கி சொல்லிடப்போறேன்.”

எதை என்று அவள் கேட்கவில்லை. ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் அந்த ஒன்றைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

“சொல்லுவ. நீ தண்ணியில முங்கிட்டு, பாவம் போச்சுன்னு ஷோக்கா ஏறி வருவ. வீடும் பூடும். அப்பால நானு எங்கய்யா போறது?”

“தெரியல.”

“தெரியலயாம்! எல்லாம் தெரிஞ்ச மாரி பீலா வுடுவியே ஊரு பூரா!” கீரைத் தண்டைப் படீரென்று ஒடித்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அந்தக்கா கஞ்சி எடுத்துக்கினு வந்துச்சே, அந்தப் பதினெட்டு நாளும் நானு கதவத் தொறந்து, வாக்கான்னு சொன்னேன். அவங்க வூட்டுக்கே அவங்கள வாக்கான்னு சொன்னேன்.”

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம். திருவான்மியூர் கடற்கரையில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். வங்காள விரிகுடா அன்றைக்கென்று பார்த்து ஆளுயர அலையை அனுப்பிக்கொண்டிருந்தது. பஞ்சாட்சரத்தின் கணக்கில் ஒவ்வொன்றும் மூன்று மாடி. இறங்குகிறவர்கள் கரையில் நின்று இரண்டு வார்த்தை சாட்சி சொல்லவேண்டும், அப்புறம் பாஸ்டரும் வெங்கடேஷும் இரண்டு பக்கமும் பிடித்து இடுப்பளவு தண்ணீருக்குக் கூட்டிப்போவார்கள். முதல் மூன்று பேர் சொன்னார்கள், இறங்கினார்கள், மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீரோடு சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்கள்.

“அடுத்தாப்ல பஞ்சாட்சரம்” என்றார் பாஸ்டர், இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட.

வெங்கடேஷ் சிரித்தான். “பிரதர், சுருக்கமா. வெயில் வந்துடும்.”

பஞ்சாட்சரம் முன்னால் வந்தான். எதிரே முனியம்மாள், கையில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். காத்திருந்த முகங்களைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாய் ஓட ஆரம்பித்தது. “நானு ஒரு பெரிய பாவி. இடுப்புல கத்தி இல்லாம வெளிய போவமாட்டேன். ஒருநாளு பாலத்து மேல ஒரு போலீஸ்காரரு…”

நிறுத்தினான்.

“அது பொய்யி” என்றான். “கத்தியும் பொய்யி. காய் நறுக்கற கத்தியக்கூட வூட்ல அன்புதான் எடுக்கும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்காததைப் பார்த்து அவர்களும் நிறுத்தினார்கள்.

“நெசமா ஒண்ணு கீது. இருவத்தேழாம் நம்பரு முனியம்மா அக்காவோட வூடு. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்துச்சு. இது யாருதுன்னு கேட்டாங்க. நம்மளுதுதான் சார்னு சொன்னேன். எழுதறவங்க தப்பா எழுதல. நானுதான் சொன்னேன். அக்காவோட கதவாண்ட நின்னு போட்டோ எடுத்துக்கினேன். அசோகன் மாமா வேளச்சேரி தண்ணியில கெடந்து செத்தாரு. நானு ஏழாவது மாடியில ஃபேன் போட்டுக்கினு தூங்கினேன்.”

அலை வந்து உடைந்து நுரை அவன் கால்வரை ஓடி வந்து திரும்பியது. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அன்புக்கரசி மணலில் உட்கார்ந்துவிட்டாள். முனியம்மாளைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. பாஸ்டரைப் பார்த்தான்.

“இன்னிக்கி எனுக்கு வேணாம் பாஸ்டர். மொதல்ல வூட்டத் திருப்பிக் குடுத்துட்றேன். ஒரு வருசம் ஒழுங்கா இருந்து காட்டறேன். அப்பால, பாத்துட்டு, நீங்களா கூப்புட்டா வரேன்.”

யார் பதிலுக்கும் நிற்காமல் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அப்பளச் சட்டை காற்றில் படபடத்தது. பத்தடி போயிருப்பான்.

“நில்லுடா.”

நின்றான். பின்னால் மணலில் கால் புதைந்து புதைந்து வருகிற சத்தம். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

“பல்லு முப்பத்திரண்டும் தெரிஞ்சிதுடா அந்த போட்டோவுல” என்றாள் முனியம்மாள்.

கண்ணைத் திறந்தான்.

“மூணாவது தபா ஆபீசுக்குப் போனமே. நீ வெளிய நின்னு நியாயம் வோணும், நியாயம் வோணும்னு கத்திக்கினு கீற. உள்ள ஆபீசரு அம்மா, போட்டோவும் ரேகையும் கீது, மாத்த முடியாதுன்னு ஃபைல என் பக்கம் திருப்பிக் காட்டுச்சு. என் கதவு. என் பூட்டு. நடுவுல நீ, கல்யாணத்துக்கு வந்த மாரி இளிச்சிக்கினு.”

“அக்கா…”

“வெளிய வந்து உன் கொரவளையக் கடிக்கலாம்னுதான் வந்தேன். பாத்தா நீ எனுக்கு டீ வாங்கி வெச்சிக்கினு நிக்கிற. ஆறிடப்போவுதுன்னு அதும் மேல மூடி வேற. இது இன்னா ஜென்மம்டான்னு எனுக்கு வாயடைச்சிப் போச்சு.”

“அப்போ… தெரிஞ்சிமா கஞ்சி குடுத்த?”

“தெரிஞ்சிதான் குடுத்தேன்.”

“சட்ட?”

“சட்டையுந்தான். நசுங்கிச் செத்தேன் உன்னால.”

தெரியாமல் காட்டின அன்பு என்றால் பஞ்சாட்சரம் எப்படியோ தாங்கிக்கொண்டு வந்தான். தெரிந்து காட்டினது என்றதும் அதை வைக்க அவன் உடம்பில் இடமில்லை. அப்படியே மணலில் குந்திவிட்டான். நாற்பத்தெட்டு வயசு ஆள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான்.

முனியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நானு ஒண்ணும் ஒசத்தி இல்லடா. ரெண்டு வருசம் உனுக்காக ஜெபம்தான் பண்ணேன், நீ வெளங்கவே கூடாதுன்னு. சாபம் வுட்டு வுட்டு நாக்கு தேஞ்சிது.” குரல் இறங்கியது. “அந்தக் கடைசி மழையில ரூம்ல முட்டி வரிக்கும் தண்ணி. அவரு கட்டில்லயே வெளிக்கிப் போய்ட்டாரு. தொடைக்கணும், தொவைக்கணும், வேலைக்குப் போவணும். நானு அந்த மனுசனப் பாத்து, இன்னும் சாவாம இன்னாத்துக்கு என் உசுர வாங்கறன்னு கேட்டுட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. என்னையே பாத்தாரு. மறுநாளு காலையில இல்ல.”

முனியம்மாள் மணலை ஒரு கை அள்ளிக் கீழே விட்டாள்.

“நீ வூட்டத் திருப்பிக் குடுத்துட்டு அப்பால வரேன்ற. நானு அந்த வார்த்தைய யாராண்ட போயி திருப்பிக் குடுப்பேன்? அவரு எந்த மாடியில கீறாரு? அத எடுத்துக்கினுதான் நம்ம சபை மாடிக்கு வந்தேன். ஆண்டவரு என்னை ஒரு வருசம் ஒழுங்கா இருந்து காட்டுன்னு வெளிய நிக்க வெக்கல. சும்மா சேத்துக்கினாரு. சும்மா! இன்னாத்துக்குன்னு எனுக்கு இன்னிக்கும் தெரியல. அப்பிடி வந்தவ நானு, உன்னாண்ட மட்டும் கணக்கு கேக்கறதா?” அவன் முதுகில் ஒன்று போட்டாள். சுளீரென்று விழுந்தது. “எழுந்திருடா. ஊரே ஈரத்துல நிக்குது.”

அவன் எழவில்லை. பாஸ்டர் வந்து கையை நீட்டினார்.

“வாரும்வே.”

“எனுக்குத் தகுதி இல்ல பாஸ்டர்.”

“அது எனக்குத் தெரியாதாக்கும்? உமக்கும் இல்ல, எனக்கும் இல்ல, இந்தா கீபோர்டு வாசிக்கவனுக்கும் இல்ல. தகுதி உள்ளவனுக்குக் குளிக்கிறதுக்கு வீட்ல பாத்ரூம் இருக்கு. வாரும்.”

அந்தக் கையைப் பிடித்து பஞ்சாட்சரம் எழுந்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. ஐஸ் மாதிரி இருந்தது. இன்னும் நாலடி போகவேண்டும் என்று பாஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு அலை வந்து மூன்று பேரையும் ஒன்றாகப் புரட்டிப் போட்டது. எழுந்து நின்று பாஸ்டர் வேட்டியைத் தேடிக் கட்டிக்கொண்டு, “இது கணக்குல சேராது” என்றார். பிறகு அவன் முதுகில் ஒரு கையும் மார்பில் ஒரு கையும் வைத்து, பிதாவின் பெயரையும் குமாரனின் பெயரையும் பரிசுத்த ஆவியின் பெயரையும் சொல்லி அவனைத் தண்ணீருக்குள் சாய்த்தார்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவன் வாய் மூடியிருந்தது.

மேலே வந்தபோது இருமினான், காறினான், கண் எரிந்தது. கரையில் பாட்டு ஆரம்பித்திருந்தார்கள். முனியம்மாள் துண்டை உதறி அவன் தலையில் போட்டு, தலை கழன்றுவிடும்போலத் துவட்டினாள்.

அன்புக்கரசி மணலிலிருந்து எழுந்து வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக் கொத்தை எடுத்தாள். ஒரு பெரிய சாவி, ஒரு சின்ன சாவி. முனியம்மாள் முன்னால் நீட்டினாள்.

வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவாள் என்று பஞ்சாட்சரத்துக்குள் ஒரு சின்ன மூலை, நனைந்த பிறகும், நினைத்தது.

முனியம்மாள் சாவியை வாங்கினாள். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“நாளைக்கி திங்கக்கிழம. ஆபீசு தொறப்பாங்க. நீ வந்து உன் வாயால சொல்லணும்.”

“சொல்றேன்க்கா. உள்ள தூக்கிப் போட்டாங்கன்னா?”

“போட்டா வந்து பாக்கறேன்.”

“எங்களுக்கு எடம்?”

“அத அப்பால பேசலாம். ரெண்டு பேரையும் ரோட்டுல நிக்க வெச்சிட்டு எனுக்குத் தூக்கம் வருமா?” அன்புக்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ இன்னாத்துக்குடி அழுவுற? வா, எதுனா துன்னலாம். காலையிலேர்ந்து பட்டினி.”

இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். பஞ்சாட்சரம் சொட்டச் சொட்ட நின்றான். நாளைக்கு இந்த நேரம் எங்கே இருப்பான், எந்த வாசலில் படுப்பான் என்று ஒன்றும் தெரியவில்லை. பயம் இருக்கத்தான் செய்தது. முனியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னாடா நின்னுக்கினு கீற? வரியா இல்லியா?”

“தோ வந்துட்டேன்க்கா” என்று ஓடினான். ஈர வேட்டி காலில் சுற்றி இரண்டு தடவை விழுந்தான். எழுந்து மறுபடியும் ஓடினான்.